நூலகத்துக்கு வாய் வேண்டும்

முதலில் ஓர் உண்மையை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். புதிதாக ஓர் ஊருக்குப் போய், அந்த ஊர் நூலகத்துக்குள் நுழைந்ததும் நான் தேடுவது கம்பனையும் அல்ல, வள்ளுவரையும் அல்ல, என்னுடைய நாவல்களைத்தான். இருந்தால், அட்டையைத் திருப்பி, எத்தனை பேர் எடுத்துப் போயிருக்கிறார்கள் என்று முத்திரைத் தேதிகளை எண்ணிப் பார்ப்பேன். இல்லாவிட்டால், அந்த ஊர் ஜனங்களின் ரசனையைப் பற்றி அந்த நிமிஷமே ஒரு முடிவுக்கு வந்துவிடுவேன். கதை எழுதுகிறவர்கள் எல்லோரும் இப்படித்தான். நான் வெளியே சொல்லிவிட்டேன், மற்றவர்கள் சொல்வதில்லை.

மரக்காணம் பக்கம் போய்ச் சில நாள் தங்கியதும் சுயநலத்தோடுதான். உப்பளத்தைப் பின்னணியாக வைத்து ஒரு நாவல் எழுத வேண்டும் என்று ஆசை. சென்னையிலிருந்து புதுச்சேரிக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிறவர்கள் கார்க் கண்ணாடி வழியாக அந்த இடத்தைப் பார்த்திருப்பார்கள். வானத்தை அப்படியே வாங்கிக் காட்டும் பாத்திகள். பனை ஓலை போட்டு மூடிய உப்பு அம்பாரங்கள். வெள்ளை வெயிலில் கறுப்புப் புள்ளிகளாக நடமாடும் மனிதர்கள். ஆந்திரத்திலிருந்து கடலோரமாகவே வருகிற பக்கிங்ஹாம் கால்வாய் இங்கேதான் வந்து முடிகிறது. சிறுபாணாற்றுப்படை பேசுகிற எயிற்பட்டினம் இந்த ஊர்தான் என்று அறிஞர்கள் சொல்கிறார்கள். அப்படியானால் இந்தக் கரைக்கு வயது ஏறக்குறைய இரண்டாயிரம்.

2024-ம் வருஷம் நவம்பர் 30-ந் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரை ஏறிற்று. விழுப்புரம் ஜில்லாவே வெள்ளக்காடாயிற்று. உப்பளத்தின் மேல் மழை பெய்தால் என்ன ஆகும் என்று விவரிக்க வேண்டியதில்லை. அடுத்த ஆண்டு, மறுபடியும் பாத்தி கட்டி உப்பு வார ஆரம்பித்த பிறகு, நான் போனேன்.

மரக்காணத்தைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் ஒன்றில்தான் தங்கினேன். ஊரின் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் அங்கே நூலகராக இருக்கும் பெண்ணுக்குத் தொந்தரவு வரும். அவள் மேல் குற்றமே கிடையாது என்பதுதான் என் கட்சி.

ஓர் அறை, முன்னால் ஒரு திண்ணை, நாலு அலமாரி, ஒரு நீள மேஜை: இதுதான் நூலகம். என் நாவல் ஒன்று இரண்டு பிரதிகள் இருந்தது. இரண்டுக்கும் சேர்த்து மூன்று முத்திரை. அந்த மூன்றில் ஒன்று நூலகரே எடுத்துப் படித்தது என்று பிறகு தெரிந்தது. போகட்டும்.

"உப்பளத்தைப் பத்தி ஏதாவது புத்தகம் இருக்குதாம்மா?" என்று கேட்டேன்.

"இல்லீங்க சார்."

"சரி, உப்பளத்து விஷயம் நல்லாத் தெரிஞ்சவங்க யாராவது ஊரிலே?"

அந்தப் பெண் சற்று யோசித்தாள். "டீக்கடையில கேட்டுப் பாருங்க சார்" என்றாள்.

கேட்டேன். டீக்கடைக்காரருக்குத் தெரியாத விஷயம் கிடையாது. எந்த அளம் யாருடைய குத்தகை, எந்தப் பெரியவர் அறுபது வருஷம் உப்பு வாரினவர், ஜாதிச் சான்றிதழுக்கு எந்தக் கிழமை போனால் அதிகாரி இருப்பார், கண்ணில் சதை வளர்ந்தால் புதுச்சேரியில் எந்த ஆஸ்பத்திரி, எந்தப் பேருந்து என்று எல்லாம் டீ ஆற்றுகிற வேகத்தில் வந்து விழுந்தது. அவர் ஒரு நடமாடும் நூலகம். ஆனால் அந்த நூலகத்துக்கும் ஒரு குறை உண்டு. "எல்லாத்துக்கும் நம்ம ஆளு ஒருத்தரு இருக்காரு சார். ஐந்நூறு குடுத்தா எழுதி, கொண்டுபோய், முடிச்சுக் குடுத்துடுவாரு" என்று ஒவ்வொரு தகவலுக்கும் ஒரு வால் இருந்தது. அந்த வாலைத்தான் கவனிக்கச் சொல்கிறேன்.

மூன்றாம் நாள் சாயந்திரம். நான் மேஜையில் உட்கார்ந்து பத்திரிகை புரட்டிக்கொண்டிருந்தேன். வாசற்படியில் ஒரு கிழவி வந்து நின்றாள். வயது ஐம்பத்தைந்தோ அறுபதோ. உப்பு வாருகிறவர்களுக்கு வயது சொல்ல முடியாது. பாதத்தில் வெடிப்பு வெடிப்பாகத் தெரிந்தது. கையில் ஒரு பிளாஸ்டிக் பை. உள்ளே வரவில்லை, செருப்பையும் கழற்றிவிட்டு வெளியிலேயே நின்றாள்.

"யம்மா, இத்தப் படிச்சு இன்னா எழுதியிருக்குதுன்னு சொல்லேன்" என்றாள்.

நூலகர் பெண் எழுந்து போய் வாங்கிப் பார்த்தாள். "இது நல வாரிய அட்டை ஆயா. தாத்தா பேர்ல இருக்குது. தேதி முடிஞ்சு ரெண்டு வருஷம் ஆவுது."

"அதான் ஆபீசுலயும் சொன்னாங்க. புதுப்பிக்காம வுட்டுட்டாராம். அவரு செத்ததுக்குப் பணம் வராதாம். மெய்யாலுமா?"

"அது எனக்குத் தெரியலையே ஆயா."

"யாரைப் போய்க் கேக்கறதும்மா?"

"தெரியலை ஆயா. இங்க நாங்க புஸ்தகம்தான் குடுப்போம்."

கிழவி அட்டையை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டாள். பிறகு திண்ணையைக் காட்டி, "தெனமும் இங்கதானம்மா குந்திக்கினு இருந்தாரு" என்றாள். புகாராகச் சொல்லவில்லை. ஏதோ ஞாபகம் வந்தாற்போலச் சொன்னாள்.

விசாரித்தேன். அந்த மனிதருக்கு எழுத்து வாசனை கிடையாது. ஆனால் பேப்பர் கேட்கிற ஆசை உண்டு. ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர் சாயந்திரம் திண்ணையில் உட்கார்ந்து பேப்பரை உரக்கப் படிப்பாராம். இவர் உப்பளத்திலிருந்து வந்து, குளித்து, ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்து கேட்பாராம். அந்த நூலகம் கட்டின நாளிலிருந்து இதுதான் வழக்கம். அமெரிக்கத் தேர்தல் அவருக்குத் தெரியும். தங்கம் விலை தெரியும். கிரிக்கெட்டில் யார் எத்தனை ஓட்டம் எடுத்தார்கள் என்று தெரியும். உடலுழைப்புத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்த பதிவைக் காலாகாலத்தில் புதுப்பிக்க வேண்டும், இல்லாவிட்டால் உதவி நின்றுபோகும் என்கிற ஒரே ஒரு விஷயம், அவருடைய சொந்த விஷயம், அவருக்குத் தெரியாது. அட்டையிலேயே தேதி அச்சிட்டிருந்தது. அதைப் படிக்கத்தான் அவருக்குத் தெரியாதே!

இதில் யார் மேல் பழி? அலுவலகத்தைக் கேட்டால், "நாங்கள் அறிவித்துவிட்டோம்" என்பார்கள். நூலகத்தைக் கேட்டால், "எங்கள் வேலை புத்தகம்" என்பார்கள். இரண்டும் நிஜம். யாருடைய வேலையும் அல்லாத ஒரு வேலை நடுவில் விழுந்து கிடந்தது. அதில் தடுக்கி ஒரு குடும்பம் விழுந்தது.

நான் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். அதையும் சொல்லிவிடுகிறேன். கிழவி பேசினபோது, 'குந்திக்கினு', 'மெய்யாலுமா' என்று அவள் பேச்சை நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொண்டேன். நல்ல பேச்சு, நாவலுக்கு ஆகும் என்று நினைத்தேன். அவள் படி இறங்கிப் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. அந்த வெட்கத்தில் எழுதுகிற கட்டுரை இது.

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்று. நூலகத்தின் வேலை அலமாரியோடு முடிவதில்லை. வாசலில் வந்து நிற்கிறவனுக்கு எது வேண்டுமோ, அது ஊரில், வட்டத்தில், ஜில்லாவில் எங்கே கிடைக்கும், யாரைப் பார்க்க வேண்டும், என்ன காகிதம் கொண்டுபோக வேண்டும், காசு உண்டா இல்லையா என்று சொல்லுவதும் நூலகத்தின் வேலை. அதைச் சொல்லாத நூலகம் அரை நூலகம்.

"இது என்ன புதுச் சட்டம்?" என்று கேட்காதீர்கள். பழைய சட்டந்தான். நம் நாட்டு நூலகத் துறையின் தந்தை என்று நாம் கொண்டாடும் எஸ். ஆர். ரங்கநாதன் இதே கடற்கரையில், தெற்கே சீர்காழியில் பிறந்தவர். கணக்கு வாத்தியாராக இருந்து 1924-ல் சென்னை சர்வகலாசாலையின் நூலகர் ஆனார். அந்தத் தொழிலைக் கற்றுக்கொள்ள லண்டனுக்குப் போனார். அங்கே பல நூலகங்களைச் சுற்றிப் பார்த்தபோது அவர் மனத்தைத் தொட்டது கட்டிடங்கள் அல்ல. தொழிலாளியும், குழந்தையும், வீட்டு வேலை செய்கிற பெண்ணும் கூச்சமில்லாமல் உள்ளே வந்து போனதுதான். 1931-ல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகள் உலகமெல்லாம் பிரசித்தம். நூல்கள் பயன்படுவதற்கே என்று ஆரம்பிக்கிறார். நான்காவது விதியில், வாசகனின் நேரத்தை மிச்சப்படுத்தச் சொல்கிறார். கிழவியின் நேரத்துக்கு என்ன விலை தெரியுமா? திண்டிவனத்துக்கு ஒரு நடை போய்த் தவறான ஜன்னலில் நின்றுவிட்டு வந்தால் ஒரு நாள் கூலி போச்சு. பேருந்துக் கட்டணம் தனி.

அதே 1931-ல் மன்னார்குடியில் ஒரு காரியம் நடந்தது. கனகசபைப் பிள்ளை என்பவர் மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமம் கிராமமாக அனுப்பினார். ஆந்திரத்தில் 1935-ல் படகிலே நூலகம் வைத்து, நீர்வழியாகவே கரையோர ஊர்களுக்குக் கொண்டுபோனார்கள். மாடும் படகும் என்ன சொல்கின்றன? ஜனங்கள் வரட்டும் என்று உட்கார்ந்திருக்காதே, அவர்கள் இருக்கிற இடத்துக்கு நீ போ என்றல்லவா சொல்கின்றன? அன்றைக்கு வண்டி கட்டிக்கொண்டு பத்து மைல் போன நூலகத்துக்கு, இன்றைக்குத் தன் வாசற்படி வரை வர முடியவில்லை.

அந்த உற்சாகத்தில்தான் 1948-ல் சென்னைப் பொது நூலகச் சட்டம் பிறந்தது. சுதந்திர இந்தியாவில் முதல் நூலகச் சட்டம் அதுதான் என்று நாம் மார்தட்டிக்கொள்கிறோம். அதன்படி வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்து வசூலிக்கிறார்கள். இன்றைக்கு அது வரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு. உங்கள் வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். ஒரு மூலையில் இருக்கும்.

இங்கேதான் நான் ஒன்று கேட்க வேண்டும். அந்த வரியைப் படித்தவன் மட்டும் கட்டு, படிக்காதவன் கட்ட வேண்டாம் என்று சட்டத்தில் எங்கேயாவது சொல்லியிருக்கிறதா? கிழவியின் வீட்டுக்கும் ரசீது உண்டு. அதிலும் அந்த மூலை உண்டு. உப்புக்கு வரி போடுகிறாயா என்று கேட்டு 1930-ல் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரணியம் வரை நடந்த தேசம் இது. உப்பு வாருகிறவளிடம் புத்தகத்துக்கு வரி வாங்குகிறோம். வாங்கலாம், தப்பில்லை. ஆனால் வாங்கின வரிக்கு அவளுக்கு என்ன கொடுத்தோம்? "இங்க புஸ்தகம்தான் குடுப்போம்" என்கிற பதிலைக் கொடுத்தோம். இது வியாபாரமாக இருந்தால் மோசடி என்று வழக்குப் போடுவார்கள்.

என் நண்பர் ஒருவர், அவரும் எழுத்தாளர்தான், இதைக் கேட்டு மிகவும் கோபித்துக்கொண்டார். "நீர் நூலகத்தைத் தாலுக்கா ஆபீஸ் மரத்தடி ஆக்கப் பார்க்கிறீர். மனு எழுதுகிற இடமா அது? சரஸ்வதி வாசம் செய்கிற இடம் ஐயா!" என்றார்.

சரஸ்வதி எனக்கும் வேண்டியவள்தான்; அவள் தயவில்தான் பிழைக்கிறேன். ஆனால் ஒன்று யோசித்துப் பார்க்க வேண்டும். நாவல் படிக்கிற நமக்கு இந்த மாதிரித் தகவல் எப்படிக் கிடைக்கிறது? நல வாரியமோ, உபகாரச் சம்பளமோ, கோர்ட்டு விவகாரமோ எதுவாக இருந்தாலும் நாம் நூலகத்துக்கா போகிறோம்? மைத்துனர் கலெக்டர் ஆபீஸில் இருப்பார். பக்கத்து வீட்டில் ஒரு டாக்டர். சித்தப்பா மகன் வக்கீல். டெலிபோனை எடுத்து, "ஏண்டா, இதுக்கு யாரைப் பாக்கணும்?" என்று கேட்டால் காரியம் முடிந்தது. அதாவது, நமக்கு ஒரு நூலகம் நம் உறவுக்காரர்கள் ரூபத்தில் இருபத்துநாலு மணி நேரமும் திறந்திருக்கிறது. அதற்கு நாம் வரி கட்டவில்லை. கல்யாணத்துக்கு மொய் எழுதுவதோடு சரி. கிழவியின் மைத்துனரும் உப்புத்தான் வாருகிறார். அவளுக்கு இருக்கிற ஒரே படித்த உறவு, ஊர் நடுவில் பலகை மாட்டிக்கொண்டு நிற்கும் அந்த நூலகந்தான். அதுவும் தெரியாது என்று சொன்னால்?

தெரியாது என்று சொன்னால் என்ன ஆகும் என்பதும் தெரிந்ததுதான். நூலகம் வாயை மூடுகிற ஊரில் தரகன் வாயைத் திறக்கிறான். டீக்கடைக்காரர் சொன்ன 'நம்ம ஆளு' அவன்தான். பணம் வாங்காமல் கொடுக்கிற விண்ணப்பத்துக்கு ஐந்நூறு. வருகிற பணத்தில் ஒரு பங்கு. அவனை நான் திட்டப்போவதில்லை. அவன் விற்பது, சர்க்கார் இனாமாகக் கொடுத்திருக்க வேண்டிய சரக்கு. கடையை மூடி வைத்தது நாம்.

இரண்டாவது ஆட்சேபம் அதிகாரிகளுடையது. "அதற்குத்தான் இ-சேவை மையம் இருக்கிறதே! எல்லோர் கையிலும் செல்போன் இருக்கிறதே!" என்பார்கள். இ-சேவை மையம் நல்ல ஏற்பாடு; நான் மறுக்கவில்லை. ஆனால் அங்கே போய் இன்னது வேண்டும் என்று கேட்டால்தான் அதைக் கொடுப்பார்கள். என்ன கேட்க வேண்டும் என்பதை யார் சொல்லுவது? மழை மாதங்களில் அளத்தில் வேலை இல்லாதபோது உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் நிவாரணம் உண்டு. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகிற பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் உண்டு. 2022 செப்டம்பரிலிருந்து 'புதுமைப் பெண்' என்ற பெயரில் கொடுக்கிறார்கள். ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக் காலத்துக்கு மீனவர் குடும்பத்துக்கு நிவாரணம் உண்டு. இருக்கிறது என்று தெரிந்தவன் கேட்பான். தெரியாதவன் எந்த ஜன்னலில் போய், எதைக் கேட்பான்? செல்போனைப் பற்றி, நான் சொல்லவே வேண்டாம். அது பத்து விஷயம் சொல்லும்; அதில் எது நிஜம் என்று கேட்டால் பதினோராவது விஷயத்தைச் சொல்லும். முகம் தெரிந்த ஒரு மனுஷி, "ஆயா, இதுதான் சரி, செவ்வாய்க்கிழமை போ, இந்தக் காகிதத்தை எடுத்துக்கோ, யாருக்கும் காசு கொடுக்காதே" என்று சொல்வதற்கு ஈடு கிடையாது.

வெளிநாட்டில் இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் டெட்ராய்ட் மோட்டார்த் தொழிற்சாலைகளின் நகரம். தொழில் நொடித்து, ஜனங்கள் வேலை தேடித் திண்டாடின 1970-களின் தொடக்கத்தில், அந்த நகரின் பொது நூலகம் ஒரு முடிவு செய்தது. வேலைப் பயிற்சி, வைத்தியம், சட்ட உதவி, சாப்பாடு ஆகியவை ஊரில் எங்கெங்கே கிடைக்கும் என்ற விவரங்களைத் திரட்டி, கேட்கிறவர்களுக்கெல்லாம் நூலகரே சொல்லுவது என்று ஏற்பாடு செய்தது. நூலகம் கெட்டுப்போகவில்லை. ஸான் பிரான்ஸிஸ்கோ நகர நூலகம் 2009-ல் ஒரு சமூக நல ஊழியரையே சம்பளம் கொடுத்து வைத்துக்கொண்டது. வீடில்லாமல் நூலகத்தில் வந்து பகலைப் போக்குகிற ஏழைகளை விரட்டுவதற்காக அல்ல. அவர்களுக்குத் தங்க இடமும் வைத்தியமும் எங்கே என்று சொல்லி அனுப்புவதற்காக. பணக்கார தேசத்திலேயே இது வேண்டியிருக்கிறது என்றால், நமக்கு?

மூன்றாவது ஆட்சேபம் ஒன்று உண்டு. அது நியாயமானது, ஆகவே அதற்கு மரியாதையாகப் பதில் சொல்ல வேண்டும். "கிராமத்து நூலகர் ஒற்றை ஆள். கூட்டுவது, புத்தகம் அடுக்குவது, கணக்கு எழுதுவது எல்லாம் அவளே. சம்பளமோ சொல்லிக்கொள்ளும்படி இல்லை. அவள் தலையில் இதையும் கட்டுகிறீரே?" என்று கேட்கிறார்கள். சரியான கேள்வி. நாம் நூலகம் என்றால் கட்டிடம் என்று நினைத்துக்கொள்கிற வியாதிக்காரர்கள். 2006-ல் ஆரம்பித்த அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிதோறும் ஒரு நூலகம் கட்டினார்கள். நல்ல எண்ணம். ஆனால் கட்டிடத்துக்கு இருந்த பணம் அதற்குள் உட்காருகிற ஆளுக்கு இல்லை. பல இடங்களில் பூட்டுத்தான் நூலகராக இருந்தது. சென்னையில் 2010-ல் அண்ணா நூற்றாண்டு நூலகம் வந்தது. மதுரையில் 2023-ல் கலைஞர் நூற்றாண்டு நூலகம் வந்தது. இரண்டும் நமக்குப் பெருமை. நானே போய் மணிக்கணக்காக உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் மாளிகைக்குக் காட்டுகிற அக்கறையில் கால் பங்கைத் திண்ணைக்கும் காட்டக்கூடாதா? உள்ளாட்சிகள் ஜனங்களிடம் வசூலித்த நூலக வரியை நூலக ஆணைக் குழுவுக்குக் கட்டாமல் பாக்கி வைப்பது பத்திரிகையில் அடிக்கடி பார்க்கிற செய்தி. அந்தப் பாக்கியை வசூலித்து நூலகருக்கு மனிதர் வாழ்கிற சம்பளம் கொடுக்கட்டும். பிறகு வேலை கேட்கட்டும்.

வேலையும் மலையைப் புரட்டுகிற வேலை அல்ல. ஒரு நோட்டுப் புத்தகம் போதும். அதில் அந்த வட்டாரத்துக்கு வேண்டிய விவரங்கள் இருக்க வேண்டும்: எது, எங்கே, எந்தக் கிழமை, என்ன காகிதம், கட்டணம் எவ்வளவு. மாதம் ஒரு முறை சரிபார்த்துத் திருத்த வேண்டும். திண்ணைச் சுவரில் ஒரு கரும்பலகை. இந்த மாதம் முடிகிற கெடு எது என்று கொட்டை எழுத்தில் எழுத வேண்டும். சாயந்திரம் பேப்பர் படிக்கிறவர் முதலில் அந்தப் பலகையைப் படிக்க வேண்டும். மாதத்தில் ஒரு நாள் நல வாரியத்து எழுத்தர் ஒருவரோ, சுகாதார நிலையத்து நர்ஸோ, இலவசச் சட்ட உதவி வக்கீலோ அந்தத் திண்ணையில் வந்து ஒரு மணி நேரம் உட்கார வேண்டும். பென்ஷன் வாங்கிக்கொண்டு வீட்டில் சும்மா இருக்கும் ஆசிரியர்கள் எந்த ஊரில் இல்லை? ஒவ்வொரு நூலகத்துக்கும் வாசகர் வட்டம் என்று ஒன்று இருக்கிறதே, அது வருஷத்துக்கு ஒரு தரம் பொன்னாடை போர்த்திவிட்டுக் கலைந்துபோவதற்குத்தானா? நோட்டை அவர்கள் எழுதட்டும். அந்த நோட்டிலே, உப்பளத்தைப் பற்றி நாவல் எழுத வருகிற என் போன்ற சோம்பேறிக்கு, அறுபது வருஷம் உப்பு வாரின பெரியவர் எந்தத் தெருவில் இருக்கிறார் என்பதும் ஒரு வரி இருக்கட்டும். எயிற்பட்டினம் எது என்று கேட்கிற பள்ளிக்கூடத்துப் பையனுக்கு, சோழர் காலக் கல்வெட்டுகள் இருக்கிற பூமீசுவரர் கோயிலுக்கு வழி சொல்லட்டும். ஓர் ஊர் தன்னைப் பற்றி அறிந்தது அத்தனையும் அந்த ஊர் நூலகத்துக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

இலக்கிய நண்பருக்கு இன்னும் ஒரு வார்த்தை. அவர் கவலைப்படுகிற மாதிரி இதனால் புத்தகம் மூலைக்குப் போய்விடாது. நேர்மாறாக நடக்கும். அட்டையைப் புதுப்பிக்க வழி கேட்க வந்த கிழவி, பேத்தியைக் கையில் பிடித்துக்கொண்டு வருவாள். பாட்டி பேசிக்கொண்டிருக்கும் நேரத்தில் பேத்தி அலமாரியைப் பார்ப்பாள். அந்த அறை தனக்கும் உரியது என்று தெரிந்தால், அடுத்த வாரம் தனியாகவே வருவாள். நமக்குப் புது வாசகர் வேறு எங்கிருந்து வரப்போகிறார்கள்? செருப்பைக் கழற்றிவிட்டு வெளியிலேயே நின்ற அந்தக் கிழவியைப் பார்த்தபோது, நம் புத்தகங்கள் ஏன் முத்திரை விழாமல் கிடக்கின்றன என்பதற்கு எனக்குக் காரணம் தெரிந்தது.

கிழவி விஷயம் என்ன ஆயிற்று என்று சொல்லாமல் விட்டால் வாசகர்கள் என்னை மன்னிக்கமாட்டார்கள்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டவன். சட்டம் தெரிந்தவன் அல்ல. மறுநாள் காலையில் இரண்டு மூன்று பேருக்குப் போன் செய்தேன். ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. சட்டப் பணிகள் ஆணைக் குழு என்று ஜில்லாதோறும் உண்டு. 1987-ம் வருஷத்துச் சட்டம். வருமானம் எவ்வளவு என்று கேட்காமலே, பெண் என்கிற ஒரே காரணத்துக்காக அங்கே இலவசமாக வக்கீல் உதவி கொடுக்க வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. 15100 என்று ஒரு டெலிபோன் எண்ணும் இருக்கிறது. அதற்குக் காசு கிடையாது. எனக்கு இது அன்றைக்குத்தான் தெரியும். நாற்பது வயது தாண்டி, பத்துப் பன்னிரண்டு நாவல் எழுதி, ஜனங்களின் வாழ்க்கையை அப்படியே தீட்டுகிறவன் என்று மதிப்புரை வாங்கினவனுக்கு!

நூலகர் பெண்ணிடம் போய்ச் சொன்னேன். அவள் ஒரு பழைய தேதிச் சீட்டை எடுத்தாள். அதன் பின்பக்கத்தில் அந்த எண்ணையும் விவரத்தையும் பெரிய எழுத்தில் எழுதினாள். திண்ணைச் சுவரில், அந்த மனிதர் சாய்ந்து உட்கார்ந்து உட்கார்ந்து எண்ணெய்க் கறை படிந்த இடத்துக்கு மேலே, பசை தடவி ஒட்டினாள். யாரும் அவளுக்கு உத்தரவு போடவில்லை.

சில மாதம் கழித்து மறுபடியும் போனேன். சீட்டு இருந்த இடத்தில் ஒரு முழுக் காகிதம் இருந்தது. பதினோரு வரி. ஒரு வரி மாணவர் உபகாரச் சம்பளம். ஒரு வரி கண் ஆஸ்பத்திரி. கடைசி வரி, நல வாரிய அட்டையைப் புதுப்பிக்க வேண்டிய விவரம். தபால்காரர் பேப்பருக்கு முன்னால் அதைத்தான் படிக்கிறாராம். கிழவியின் மனு போயிருக்கிறது. இன்னும் பதில் வரவில்லை.

என் நாவலைப் போய்ப் பார்த்தேன். புதிதாக முத்திரை ஒன்றும் விழவில்லை. இந்தத் தடவை அது எனக்கு அவ்வளவு பெரிதாகப் படவில்லை.